தொடாத சோறு

ஆற்றில் எறிந்த தட்டு அடுக்கில் கவிழ்ந்திருந்தது.

கண்தான் ஏமாற்றுகிறது என்று சுலாவ் முதலில் நினைத்தாள். விருந்தாளிகள் வர அரை மணி நேரம்தான் இருந்தது. காலையில் பிடித்த மழை பிற்பகலாகியும் விடாமல் தகரக் கூரையில் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. மூங்கில் குழாய்க்குள் வெந்துகொண்டிருந்த கோழியின் வாசமும் ஈர விறகின் புகையும் அடுப்படியை நிறைத்துக் கண்ணை எரித்தன. தட்டு எடுக்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளை எனாமல் தட்டு, நீல விளிம்பு, விளிம்பில் நகம் அளவுக்குப் பூச்சு உதிர்ந்து கறுத்த இடம். நான்கு மாதத்துக்கு முன், நடு ஆற்றில் படகை நிறுத்தி, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அவளே வீசிய தட்டு. அடுக்கில் மற்ற தட்டுகள் காய்ந்திருந்தன. இது மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சுலாவ், மரம் மாதிரி நிக்கிற?" பக்கத்து அறை மெங்கா எட்டிப் பார்த்தாள். "மூஞ்சிய மாத்திக்க. இந்த மூஞ்சியப் பாக்கத்தானே அத்தனை தூரம் ஆத்துல வர்றாங்க."

"அக்கா, இந்தத் தட்டு..."

மெங்கா பார்த்தாள். அவள் வாயில் மென்றுகொண்டிருந்த வெற்றிலை நின்றது.

"எனக்கு எந்தத் தட்டையும் தெரியாது," என்று சொல்லித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த நெடுவீட்டில் இருபத்திரண்டு கதவுகள். ஒரே கூரையின் கீழ் இருபத்திரண்டு குடும்பம், எல்லாக் கதவும் திறப்பது ஒரே நீளக் கூடத்தில். படிக்கட்டின் தலைமாட்டில் ஒரு மரப்பலகை தொங்கியது, 'விருந்தினரைப் பசியோடு அனுப்பாத வீடு' என்று செதுக்கி, வார்னிஷ் அடித்து. நகரத்திலிருந்து நடுவர்கள் வந்து, உண்டு, உறங்கி, புகழ்ந்துவிட்டுப் போய், பின்னால் அனுப்பி வைத்த பலகை. அது வந்த பிறகுதான் வாரம் இரண்டு படகு வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். வீட்டுத் தலைவர் மெராம் எல்லோருக்கும் சிரிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். பல் தெரிய வேண்டும், ஆனால் சத்தம் வரக் கூடாது. கூடத்தில் ஈரத்துணி தொங்கக் கூடாது, பிள்ளைகள் மூக்கு ஒழுக நிற்கக் கூடாது. அன்புக்குக்கூட இஸ்திரி போட்டு வைத்திருந்தார்கள்.

சுலாவ் அந்தத் தட்டை அடுக்கின் ஆழத்தில் தள்ளிவிட்டு வெளியே போனாள். கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்தாள். சேற்று வாடை போகவில்லை.

வெண்கலத் தாளம் முழங்கியது. அவள் புருஷன் ஜராவ் படகைக் கட்டிவிட்டு, "ஏழு பேர்," என்று கத்தினான். மழைச் சட்டையோடு ஏழு பேர் படியேறி வந்தார்கள். அவள் மகள் லிம்பி படியின் உச்சியில் நின்று ஒவ்வொருவருக்கும் துவாக் என்னும் அரிசிக் கள்ளுக் கோப்பையை நீட்டினாள். குடிக்க முடியாதவர்கள் விரல் நுனியால் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டால் போதும் என்று சிரிப்போடு சொல்லித் தந்தாள். அந்த ஆற்றுக்காரர்களுக்கு அது விளையாட்டில்லை. நீட்டிய உணவைத் தொடாமல் போனவனை ஆறோ முதலையோ பாம்போ பின்தொடரும். செத்தவன் நீட்டினால் மட்டும் தொடக் கூடாது. தொட்டவர் அவனைச் சேர்ந்தவர். இந்தப் பாதியை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதில்லை. லிம்பிக்கும் சுலாவ் சொன்னதில்லை. பட்டணத்தில் வேலை பார்த்துவிட்டு மூன்று மாதம் முன்புதான் திரும்பி வந்தவளிடம் அதையெல்லாம் ஏன் பேச வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

விருந்தாளிகள் கூடத்தின் நடுவில், தலைவர் கதவுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார்கள். மழை மேகத்தில் வெளிச்சம் முன்கூட்டியே மங்கியது. விளக்கு நடுக்கூடத்துக்கு மட்டும்தான் எட்டியது, இரண்டு பக்கக் கோடிகளும் கலங்கல் தண்ணீர் போல இருண்டு கிடந்தன.

"அம்மா, இன்னொரு கோப்பை வேணும்," லிம்பி வந்தாள். "அந்த மாமாவுக்குக் குடுக்கல."

"எந்த மாமா?"

"நம்ம கதவுக்கு வெளியே உக்காந்திருக்காரே. நனைஞ்சு போய் பல்லு கிட்டிக்கிட்டு. பாவமா இருக்கும்மா. ஜுரம் போல."

சுலாவ் திரும்பிப் பார்த்தாள். அவள் கதவு கடைசிக் கதவு. அங்கே இருட்டு, ஒரு தூண், யாரோ விரித்த பாய்.

அன்றும் அவன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். நடுவர்கள் வந்த நாள். மேல் ஆற்று மரம் வெட்டும் முகாமிலிருந்து துரத்தப்பட்டவன், ஜுரத்தில் பல் அடித்துக்கொள்ளக் கரையோரமாகவே நடந்து வந்திருந்தான். அவர்கள் பாஷைதான் பேசினான். முதல் கதவில் ஒரு கை சோறு கேட்டான். இன்று நேரமில்லை, பக்கத்துக் கதவில் கேள் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். இருபத்தொரு கதவும் அப்படியே சொல்லி அனுப்பின. எந்த ஆறு, யார் மகன் என்று வருகிறவனிடம் முதலில் கேட்பது அந்த மண்ணின் பழக்கம். ஒருவரும் கேட்கவில்லை.

சுலாவுக்கு மனசு கேட்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. நீல விளிம்புத் தட்டு நிறையச் சோறும் கருவாடும் போட்டு, "இந்தாங்க அண்ணே," என்று நீட்டினாள். அவன் விரலைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்து நடுக்கூடத்திலிருந்து மெராம், "சுலாவ், ஒரு தட்டு குறையுது," என்றார். நீட்டிய தட்டை அவள் பின்னால் இழுத்துக்கொண்டாள். "கொஞ்சம் இருங்க, அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும்." இல்லை என்று சொல்லியிருந்தால் பசியோடு போயிருப்பான். சோற்றைக் காட்டி, அண்ணே என்று கூப்பிட்டு நீட்டி, தொடவிடாமல் எடுத்ததை அந்த ஆற்றில் பிறந்த எவரும் செய்ய மாட்டார்கள். செய்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்ப் பரிமாறினாள். அந்தத் தட்டில் உண்ட நடுவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். அவள் திரும்பி வந்தபோது பாய் காலி. மூன்றாம் நாள் ஆற்றின் இரண்டாவது வளைவில், வேர்களுக்கிடையே அவன் உடலைக் கண்டெடுத்தார்கள். மறு வாரம் பலகை வந்தது.

"நான் பாத்துக்கறேன்," என்றாள் சுலாவ். "நீ அங்க போகாத."

"சரிம்மா. உப்பு மீன் தீந்துபோச்சு, உள்ள போய் எடுத்துட்டு வரேன்."

அவள் தடுக்கும் முன்பே லிம்பி கூடத்தின் வழியே துள்ளிக்கொண்டு போய் அவர்கள் அறைக்குள் நுழைந்துவிட்டாள். தூணுக்குப் பக்கத்தில் யாரும் இல்லாதது போலத்தான் இருந்தது. சுலாவ் பரிமாற, விருந்தாளிகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த தட்டுகளில் ஒன்றை எடுக்கக் குனிந்தாள். அடுக்கின் மேலே, எல்லாத் தட்டுக்கும் மேலே, ஈரமாக, அது இருந்தது. லிம்பிதான் எல்லாவற்றோடும் சேர்த்துத் தூக்கி வந்திருக்க வேண்டும்.

அவளுக்குப் பயத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. சரி, கொடுத்துவிடுகிறேன், அன்றைக்குக் கொடுக்காததை இன்றைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று முணுமுணுத்தபடி அந்தத் தட்டிலேயே சோற்றைக் குவித்தாள். கோழியின் தொடையைத் தேடி வைத்தாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். மூங்கில் தரை காலடியில் முனகியது. கதவோரம் நின்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். ஒரு கதவு சாத்திக்கொண்டது. அடுத்ததும் சாத்திக்கொண்டது. அவள் நடக்க நடக்க ஒவ்வொன்றாக, மரியாதையாக, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டன.

கடைசிக் கதவு. பாயில் யாருமில்லை. உட்கார்ந்த அளவுக்கு ஈரம். சேற்று வாடை.

தட்டைக் கீழே வைத்தாள்.

"வாங்க அண்ணே. சாப்பிடுங்க."

மழை மட்டும் பெய்தது. செத்தவர்களுக்குச் சோறு வைத்தால் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அப்போதுதான் வருவார்கள். அவளுக்கு அவன் பேர் தெரியாது. இருபத்திரண்டு கதவில் யாருக்கும் தெரியாது.

கதவுக்கு உள்ளே, அவள் அடுப்படியில், பல் அடித்துக்கொள்ளும் சத்தம்.

"நீ எந்த ஆறு? யார் மக?" ஆண் குரல். நிதானமாக. நல்ல விருந்தோம்பல் தெரிந்தவன் கேட்பது போல.

"இந்த ஆறுதான் மாமா." லிம்பி சிரித்தாள். "சுலாவ் மக."

"இந்தா. தொட்டுக்க."

சுலாவ் குனிந்து பார்த்தாள். பாயின் மேல் தட்டு இல்லை.

கதவைத் தள்ளினாள். திறந்தது. அடுப்பு அணைந்திருந்தது. பின்கதவு விரியத் திறந்திருந்தது. அங்கே வளையும் ஆறு பின்படிக்கட்டின் மூன்றாம் படிவரை ஏறி நின்றது. லிம்பி பின்வாசலில் அந்தத் தட்டை ஏந்தி நின்றாள். உதட்டில் சாம்பல் நிறச் சேறு. தாடையிலிருந்து தண்ணீர் வழிந்தது. நிற்கவே இல்லை.

"மாமா குடுத்தாரும்மா." பல் அடித்துக்கொண்டது. "நீதானே சொல்லிக் குடுத்த. நீட்டினா வேண்டாம்னு சொல்லக் கூடாது. விரல் நுனியாவது படணும்."

"கீழ வைம்மா. கண்ணு, கீழ வச்சுட்டு இங்க வா."

லிம்பி சிரித்தாள். மெராம் சொல்லிக் கொடுத்த சிரிப்பு. பல் தெரிந்தது, சத்தம் வரவில்லை. தட்டை நீட்டினாள்.

"இந்தாம்மா."

தொடக் கூடாது. தெரியும். ஆனால் மகள். அவளை மட்டும் அனுப்ப முடியுமா. சுலாவ் விரலைத் தூக்கினாள்.

தட்டு பின்னால் போனது.

"கொஞ்சம் இரும்மா," என்றாள் லிம்பி. "மாமா சாப்பிட்டு முடிக்கட்டும்."

திரும்பிப் படியில் இறங்கினாள். முழங்கால். இடுப்பு. சுலாவ் பின்னாலேயே விழுந்தடித்து இறங்கினாள். ஒரு படி இறங்கினால் லிம்பி ஒரு படி தள்ளி இருந்தாள். கை எட்டவில்லை. கழுத்து. கூந்தல் விரிந்து மிதந்தது. பிறகு கூந்தலும் இல்லை.

தட்டு மட்டும் நீருக்கு மேலே நின்றது, லிம்பியின் கை அதை ஏந்தியிருக்க, ஒரு பருக்கைகூடச் சிந்தாமல், அந்த வெள்ளத்திலும் அசையாமல். கீழேயிருந்து ஐந்து விரல்கள் நீல விளிம்பைத் தாண்டி மேலே வந்தன. ஒரு பிடி அள்ளின. நிதானமாக அடுத்த பிடிக்கு வந்தன.

நடுக்கூடத்திலிருந்து மெராம் கூப்பிட்டார்.

"சுலாவ், ஒரு தட்டு குறையுது."