டம்மி பார்ட்டி

கருமத்தம்பட்டி வீட்டின் பூட்டு அன்றும் சுலபத்தில் திறக்கவில்லை. கதிர் சாவியைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய் ஏற்றி மறுபடி திருகினான். கதவு திறந்ததும் உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. வெளியே மாசி மாத வெயில் மண்டையைப் பிளந்தது.

அவனுக்கு முன்னால் வேறு தரகர்கள் பார்த்துவிட்டுக் கைகழுவிய வீடு. வியாபாரமும் படுத்துக் கிடந்தது. அவிநாசி சாலை நெடுக மனைப்பிரிவுகளில் நட்ட கலர்க் கொடிகள் கிழிந்து நூலாகத் தொங்கின. டீக்கடைகளில் வாங்குகிறவர்களைவிடத் தரகர்களே அதிகமாக உட்கார்ந்திருந்தார்கள்.

கதிருக்கு இந்த வீடு விற்றாக வேண்டும். மனைவி அன்புக்கரசி காய்ச்சலில் போனபின் மகள் இதழினி அவிநாசியில் தாத்தா வீட்டில் வளர்ந்தாள். அவன் உக்கடத்தில் ஆண்கள் தங்கும் மேன்ஷனில் இருந்தான். கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத அறை. மாமனார் ராசப்பன் போன வாரம் மரியாதை குறையாமல் சொல்லிவிட்டார்.

"சித்திரைக்குள்ள ஒரு ஊடு புடிச்சுப்போட்டு வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போங்க மாப்ள. இல்லீன்னா இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துப்போடறோம். அப்பறம் அவ உங்ககூட வரமாட்டா, பாருங்க."

இந்த ஒரு வீட்டின் கமிஷன் வந்தால் போதும். அவளுக்கு ஓர் அறை, அவனுக்கு ஓர் அறை.

ஜன்னல்களைத் திறந்துகொண்டிருக்கையில் நசுருதீன் அழைத்தார். உக்கடத்தில் பழைய தரகர். கதிருக்குத் தொழில் பழக்கியவர்.

"என்ன கதிரு, பார்ட்டி வந்தாச்சா?"

"இல்லீங்க பாய். இப்பத்தான் வராங்க."

"நம்ம ஹாரிகாவ அனுப்பியிருக்கேன். புருஷன் துபாய்லன்னு சொல்லிக்கும். நீ தெரிஞ்ச மாதிரி இளிச்சு வைக்காத. அது சரி, நீ சிரிச்சு யாரு பாத்தா!"

சந்தை மந்தமானபோது தரகர்கள் கண்டுபிடித்த வழி அது. நிஜமாக வாங்க வருகிறவர்கள் வீட்டைப் பார்க்கும் நேரத்தில், வாங்க வந்ததுபோல இன்னொருவரை நிறுத்துவார்கள். போட்டிக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் இழுத்தடிக்கிறவர்களும் அன்றே முடிவு செய்வார்கள். அதற்கு டம்மி பார்ட்டி என்று பெயர். கதிர் இதுவரை அதைச் செய்ததில்லை.

போனை வைத்தான். அந்த நிமிடம் கரண்ட் போயிற்று.

சுற்றிலும் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகள் ஒருசேர நின்றன. இரவும் பகலும் ஓயாத சத்தம் அது. நின்றபோதுதான் அது காதுக்குள் எவ்வளவு இடத்தை அடைத்திருந்தது என்று தெரிந்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது.

பால் அடிப்பிடித்த வாசம் வந்தது.

அந்த வீட்டில் அடுப்பே கிடையாது.

சமையலறையில் ஒரு பெண் நின்றிருந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டியபடி மேடைக் கல்லை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். முன்கதவு திறந்துதானே கிடந்தது, ஹாரிகா வந்திருப்பாள் என்று நினைத்தான். அன்புக்கரசி போனபிறகு அவன் எந்தப் பெண்ணின் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இப்போதும் பார்க்கவில்லை. கல்லின்மேல் போய்வரும் கையை மட்டும் பார்த்தான்.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

மிகத் தாழ்ந்த குரல்.

"பாய் சொல்லியிருப்பாருங்க. அவங்க வந்ததும், இந்த ஊடு எனக்குத்தான், யாருக்கும் உட்டுத்தர மாட்டேன்னு அழுத்தமாச் சொல்லோணும்."

"சொல்றேன்."

"நல்லபடியா முடிஞ்சா, இனி நான் போற ஊட்டுக்கெல்லாம் உங்களையே கூப்புடறனுங்க."

கை நின்றது.

"எல்லா ஊட்டுக்குமா?"

"எல்லா ஊட்டுக்கும்."

வாசலில் கார் வந்து நின்றது.

மிதுனும் லோகப்பிரியாவும் கோவையில் வாடகைக்கு இருப்பவர்கள். லோகப்பிரியா செருப்பைக் கழற்றும்போதே குறை சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"ஏனுங்க, ஹாலு பெருசுன்னு சொன்னீங்க? சோபாவப் போட்டா நாங்க சுவத்துலதான் ஒட்டிக்கோணும்."

"நீ சோபாவ உட்டு எந்திரிச்சாத்தான அம்மணி ஹாலு வேணும்?" என்றான் மிதுன்.

"இவுரு ஒருத்தரு." அவள் சிரித்துக்கொண்டே சமையலறைப் பக்கம் போனாள். "உள்ள யாரோ இருக்காங்களாட்டம் இருக்குது?"

"இன்னொரு பார்ட்டிங்க. காலையிலயே வந்துட்டாங்க. ரொம்பப் புடிச்சுப்போச்சாம்," என்றான் கதிர். சரளமாகப் பொய் வந்தது அவனுக்கே வியப்பாக இருந்தது.

மிதுனின் முகத்தில் அவசரம் தெரிந்தது. வேலை செய்கிறது என்று கதிர் நினைத்தான். நெடுநாளைக்குப் பிறகு நெஞ்சில் ஏதோ லேசாக அசைந்தது. இதழினியின் அறைக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வேண்டும் என்றுகூட ஒரு கணம் யோசித்தான்.

லோகப்பிரியா வெளியே வந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"போலாங்க."

"மேல மாடி பாக்கலியா?" என்றான் மிதுன்.

"போலாம்னு சொல்றனல்ல."

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கதிரிடம் கேட்டாள். "வாங்க வந்தவங்க எதுக்குங்க அப்படிப் பேசறாங்க? இந்த ஊடு எனக்குத்தான்னு சொன்னாங்க. செரி, அது ஆசை. நீங்க வந்தாலும் நான் ஒரு மூலையில இருந்துக்கறேன், உங்க கொழந்தைய நான் பாத்துக்கறேன்னு எதுக்குச் சொல்லோணும்?"

"சும்மா வெளையாட்டுக்கு..."

"எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க." அவள் குரலைத் தாழ்த்தி வயிற்றின்மேல் கைவைத்தாள். "உண்டாகியிருக்கேன்னு நேத்துதான் டாக்டர் சொன்னாங்க. இவர்கிட்டயே நான் இன்னும் சொல்லல."

கார் போய்விட்டது.

கதிர் வாசலில் நிற்கையில் நசுருதீன் மறுபடி அழைத்தார். "கோவிச்சுக்காத மாப்ள. ஹாரிகாவுக்கு வண்டி பஞ்சராம். சூலூர்லயே நிக்கிது. பார்ட்டிய எப்படியாச்சும் பேச்சுக் குடுத்து இழுத்து வை."

கதிர் போனை வைத்தான்.

சமையலறைக்குப் போனான். யாரும் இல்லை. பின்கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டபடி துருவேறிக் கிடந்தது. அதில் சிலந்தி கட்டிய வலை கலையாமல் இருந்தது.

தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின.

வீட்டுக்காரர் செங்கோட்டையன் கோபியில் மூத்த மகனோடு இருந்தார். அன்று மாலை கதிர் அவரை அழைத்து நடந்ததைச் சொன்னான். கிழவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சமையக்கட்டுலயா நின்னாங்க?"

"ஆமாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னான்.

"எல்லா ஊட்டுக்கும் கூப்புடறேன்னா சொன்னீங்க?" குரல் உடைந்தது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "அப்ப எங்கூட்ட உட்டுட்டாங்க. நீங்க நல்லா இருக்கோணுங்க தம்பி. நல்லா இருக்கோணும்."

"யாருங்க அவங்க?"

போன் அணைந்தது. அதன்பின் அவர் எடுக்கவே இல்லை.

பங்குனி பிறக்குமுன்பே அந்த வீடு விற்றுவிட்டது. செங்கோட்டையன் வேறு தரகரை வைத்து முடித்திருந்தார். வந்தவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததுமே மனசு குளிர்ந்துபோச்சு என்று சொன்னார்களாம்.

கதிர் அதன்பின் காட்டிய வீடுகள் எதுவும் விற்கவில்லை. சரவணம்பட்டியில் புத்தம்புதிய அடுக்ககம், இன்னும் பெயிண்ட் காயாதது. கதவைத் திறந்ததும் பால் அடிப்பிடித்த வாசம். கூட வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சமையக்கட்டுல ஆள் இருக்காங்களே, அப்பறம் வாரோம்," என்று திரும்பினார். சிங்காநல்லூரிலும் அப்படித்தான். சூலூரிலும் அப்படித்தான்.

கதிருக்கு அவள் நிற்பது தெரியும். நிமிர்ந்து பார்த்ததில்லை.

நசுருதீன் டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டார். "ஏன்டா, எங்க போனாலும் ஒரு பொம்பளையக் கூட்டிட்டுப் போறியாமே? டம்மிய ஒரு வாட்டிதான் வைக்கோணும். தெனமும் வெச்சா அது குடித்தனம்டா." கடையே சிரித்தது. அதற்குப்பின் அவர் ஆள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்.

கதிர் தன்னிடமிருந்த சாவிகளை எல்லாம் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தான். இனிக் காட்ட வீடு இல்லை, வரவும் அவளுக்கு இடம் இல்லை என்று நினைத்தான். சித்திரை நெருங்கியது. இன்னும் கொஞ்ச நாள் தவணை கேட்கலாம் என்று அவிநாசிக்குப் பஸ் ஏறினான்.

அவன் போக வேண்டிய வீடு ஒன்று மிச்சம் இருந்ததை அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

மாமியார் மாசாணியம்மாள் தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டே சொன்னாள். "நேத்து ஒரு அம்மணி வந்துச்சுங்க மாப்ள. நீங்க வரச் சொன்னீங்கன்னு சொல்லுச்சு. ஊடு பாக்கோணுமாம். நாங்க எப்பங்க விக்கறோம்னு சொன்னோம்?"

கதிர் சொம்பைக் குடிக்காமலே கீழே வைத்தான்.

"எப்பப் போனாங்க?"

மாசாணியம்மாள் யோசித்தாள். "போனதப் பாக்கலீங்களே. புள்ளதான் கையப் புடிச்சு ஒவ்வொரு ரூமாக் காட்டிட்டு இருந்தா."

இதழினி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, அந்தக்காவுக்கு நம்ம வீடு பிடிச்சிருச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் அவங்களுக்கும் ஒரே ரூமு."

ராசப்பன் எதிரே உட்கார்ந்திருந்தார். மாசாணியம்மாள் பக்கத்தில். வீட்டில் வேறு ஆள் இல்லை.

சமையலறையில் யாரோ கல்லைத் தடவும் சத்தம் கேட்டது.

கதிர் குழந்தையின் கையை மெல்ல விடுவித்துவிட்டு உள்ளே போனான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏனுங்க. இது விக்கற ஊடில்லீங்க."

தடவும் சத்தம் நின்றது.

"இங்க வேண்டாங்க. எங்கூட வாங்க. சின்ன ரூமுதான். அங்க வேற யாரும் வரமாட்டாங்க. இனி யாரையும் கூட்டிட்டு வரவும் மாட்டேன்."

 பிறகு அவன் காதுமடலை ஒட்டி, மூச்சே இல்லாமல்:

"வாரேன்."

கூடத்துக்கு வந்து மாமனாரிடம் சொன்னான். "புள்ளைய இங்கயே சேத்துருங்க மாமா."

ராசப்பன் நிமிர்ந்தார். "என்னங்க மாப்ள, ஊடு..."

"அமையலீங்க. இனி நான் வரதும் செரிப்படாது."

"எப்பப்பா வருவ?" என்றாள் இதழினி.

அவளுக்கு அவன் பதில் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு வாக்காகிவிடும். தெருமுனை வரைக்கும் திரும்பாமல் நடந்தான்.

கோவை பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தான். கூட்டம் ஏறியது. அவன் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. தெக்கலூர் தாண்டியதும், கைக்குழந்தையோடு கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒரு பெண் குனிந்து பொறுமையாகச் சொன்னாள்.

"ஏனுங்கண்ணா, உங்க சம்சாரத்தக் கொஞ்சம் நவந்து உக்காரச் சொல்லுங்களே. கொழந்தைய வெச்சுட்டு நிக்க முடியல."

கதிர் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியோடு இன்னும் ஒட்டி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டான்.

"போதுங்கக்கா," என்றாள் அந்தப் பெண், அவனுக்கும் தனக்கும் நடுவே பார்த்துச் சிரித்தபடி. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள்.