நாற்றங்காலில் விழுந்தால் அவுட்

வலங்கைமான் பையன்கள் மேட்ச் ஆடக் குட்டியானை வண்டியில் வந்து இறங்கிவிட்டார்கள். உள்ளூர் அணியோ, உளுந்து எடுத்த தரிசு வயலின் நடுவே நின்று தனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

செம்மொழிக்கு அன்றுதான் முதல்முறையாகக் கேப்டன் பதவி. ஸ்டம்புகளைத் தூக்கி வருபவர்தான் கேப்டன்; வேறு யாரும் முன்வராததால் கிடைத்த பதவி. ஆனாலும் பதவி பதவிதானே.

சண்டை சின்ன விஷயத்துக்கு இல்லை. ஒருநாள் கிரிக்கெட்டில் உலகத்திலேயே பெரிய பேட்டர் யார்? சச்சின் என்றான் விஸ்வா. ஒருநாள் சதத்தில் அவரையே தாண்டிய கோலிதான் என்றான் பரிதி. எப்போதும் முதலில் இறங்கும் ஜோடி இவர்கள்தான். இப்போது, அவனோடு இறங்க மாட்டேன் என்று ஆளுக்கொரு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"கேப்டன் நீதானே, நீயே சொல்லு" என்றான் பரிதி.

செம்மொழி யோசித்தாள். சச்சின் என்றால் பரிதி தன் பந்தோடு வீட்டுக்குப் போய்விடுவான். கோலி என்றால் விஸ்வா தன் மட்டையோடு போய்விடுவான். இரண்டில் எது போனாலும் மேட்ச் அம்போ. அவளுடைய பதவியும் ஒரு பந்துகூடப் பார்க்காமல் முடிந்துவிடும்.

பக்கத்து வயலைப் பார்த்தாள். அது காத்தாயி அத்தையின் குறுவை நாற்றங்கால். அத்தை கொக்கு விரட்டும் கழியோடு வரப்பில் நின்றிருந்தார். நாற்றங்காலில் பந்து விழுந்தால் அடித்தவர் அவுட். அத்தை திட்டி முடித்த பிறகுதான் பந்து திரும்பி வரும். அந்த மைதானத்தின் சட்டம் அது.

செம்மொழிக்குச் சட்டென்று தெம்பு வந்தது.

"சச்சின், கோலி ரெண்டு பேரையும் நம்ம வயலுக்கே கூட்டிட்டு வந்துருவோம்" என்றாள். "விஸ்வா, உங்க ஆளு இறங்கியாச்சு. என்ன அடிக்கிறாரு?"

"சிக்ஸரு."

"எங்க விழுது?"

விஸ்வா நாற்றங்காலைப் பார்த்தான். அத்தையின் கழியைப் பார்த்தான். "அவுட்டு" என்றான் மெதுவாக.

பரிதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க ஆளு தரையோட தட்டிட்டு ஓடிருவாரு."

"எங்க ஆளுக்கு ஓடத் தெரியாதாக்கும்?"

"ரெண்டு பேரும் நல்லா ஓடட்டும்" என்றாள் செம்மொழி. "ஒருத்தர் தட்டிட்டு ஓடுறப்ப அந்தப் பக்கத்துலேருந்து ஓடி வர்றது யாரு?"

பரிதி வரப்பை விட்டு எழுந்தான்.

"கோலி வேணும்னா வருவாரு" என்றான் பரிதி. "ஆனா சரியா கூப்பிடணும்."

"சச்சின் சரியாத்தான்டா கூப்பிடுவாரு" என்று மட்டையை எடுத்தான் விஸ்வா.

இருவரும் தட்டினார்கள், ஓடினார்கள், மறுபடி தட்டினார்கள். பார்க்க அத்தனை அழகில்லை. ஆனால் ரன் சேர்ந்துகொண்டே இருந்தது. பிறகு ஆட வந்த வலங்கைமான் பையன்கள் வானத்தைப் பார்த்து அடித்தார்கள். பந்துகள் வரிசையாக நாற்றங்காலில் இறங்கின. அத்தைக்குத் திட்டித் திட்டியே தொண்டை கட்டிவிட்டது.

ஜெயித்த பிறகு பரிதி விடவில்லை. "இப்பவாச்சும் சொல்லு, யாரு பெரிய பேட்டரு?"

"நாளைக்குக் கேளு. நாளைக்கு மேட்ச் இல்ல."

விஸ்வாவும் பரிதியும் ஒரே சைக்கிளில், சச்சினா கோலியா என்று மறுபடி ஆரம்பித்தபடியே கிளம்பினார்கள். பின்னால் உட்கார்ந்த பரிதியின் மடியில் ஸ்டம்புகள் இருந்தன. எடுத்துப்போகும்படி யாரும் அவனிடம் சொல்லவில்லை.

கேப்டன் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு நடந்தாள்.