நான்காம் நிமிடத்து முணுமுணுப்பு

பியானோ இசைக்கு அடியில் யாரோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்கள். சொற்கள் இல்லை, வாயை மூடிக்கொண்டு மூக்கால் இழுக்கும் முணுமுணுப்பு. ஒலித்தொகுப்பாளர் ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு நான்காவது நிமிடத்தை மறுபடி ஓடவிட்டாள். இருந்தது. நேற்றுவரை அது அங்கே இல்லை.

திகில் படங்களுக்கு ஒலி சேர்ப்பது அவளுக்குப் பன்னிரண்டு வருடப் பிழைப்பு. பேய் திரையில் வந்து சும்மா நின்றாலே போதும், மிச்சத்தை வயலினும் பியானோவும் பார்த்துக்கொள்ளும் என்பாள். இசையை நிறுத்திவிட்டுப் பார்த்தால் எந்தப் பேயும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஆள் மாதிரிதான் இருக்கும். இந்தப் படத்தில் பேயே ஒரு பியானோ. எங்கோ ஏலத்தில் பிடித்த பழைய பியானோவைத்தான் வாசித்துப் பதிவுசெய்ய வேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக்காலில் நின்றார். வேலை முடிந்தும் அது இன்னும் பதிவறையிலேயே கிடந்தது. ஈரக் கம்பளியும் பழைய மெழுகும் கலந்த அதன் வாடை, காற்றுப் புகாத கதவையும் தாண்டி, ஜன்னலே இல்லாத அந்த நடைவழி முழுக்கப் படிந்திருந்தது.

பியானோ வாசிப்பவர்கள் பலருக்கு வாசிக்கும்போதே முணுமுணுக்கும் பழக்கம் உண்டு. போன வாரம் வாசித்தவரின் கட்டைக் குரலும் பதிவில் விழுந்திருந்தது. வியாழக்கிழமை மதியம் அதைத் துடைத்தாள். சுலபமான வேலைதான். குரல் தனியாகக் கேட்கும் ஒரு துண்டைக் கணினிக்குக் காட்டி, இது வேண்டாத சத்தம் என்று பழக்கிவிட்டால், பாட்டு முழுக்கத் தேடி அதை மட்டும் பிடுங்கி எறிந்துவிடும்.

ஆனால் இது ஆண் குரல் இல்லை. குழந்தையின் குரல்.

எழுந்து வெளியறைக்குப் போனாள். பள்ளி அன்று அரைநாள். எட்டு வயது மகளை அங்கே சோபாவில் உட்கார்த்தி வைத்திருந்தாள். தூக்கத்தில்கூட வாய் ஓயாத பிள்ளை. இரண்டு நாளாகச் சளி வேறு.

"குட்டி, நீ பாடினியா?"

"இல்லம்மா, வரைஞ்சுட்டு இருக்கேன். அம்மா, அந்த ரூம்ல இருக்கிற பியானோ ஏன் மூச்சு விடுது? அதுக்கும் சளியா? நாம எப்பம்மா வீட்டுக்குப் போவோம்?"

"பழைய மரம். ஏசி குளிர்ல அப்படித்தான் முனகும். அது பக்கம் போகாத. அரை மணி நேரம், கிளம்பிடலாம்."

"அரை மணின்னா நீ ஒரு மணி நேரம் ஆக்குவ!"

சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். தடித்த கதவு அவளுக்குப் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது. உடனே இயக்குநரின் போன்.

"மேடம், நாலு மணிக்குள்ள ஃபைல் வரலைன்னா நானே பேயாகிடுவேன்."

"ஒரே ஒரு சத்தம் இருக்கு சார். எடுத்துட்டு அனுப்பிடறேன்."

மறுபடி கேட்டாள். இம்முறை பியானோவைத் தணித்துவிட்டு, குரலை மட்டும் உயர்த்தி. முணுமுணுப்பு மெல்ல ஏறி, இறங்கி, வரி முடியும் இடத்தில் நின்று மூக்கை உறிஞ்சியது. அவள் விரல்கள் விசைப்பலகைமேல் அப்படியே நின்றன.

எல்லாக் குழந்தைக்கும்தான் சளி பிடிக்கிறது. பதிவு போன வாரத்தது. மகள் இந்தக் கட்டடத்துக்குள் காலடி வைத்ததே இன்றைக்குத்தான். கணக்குச் சரியாகத்தான் வந்தது. ஆனாலும் ஹெட்போனைக் கழற்ற வேண்டும் போல இருந்தது. மணி மூன்று முப்பத்தைந்து. துண்டைத் தேர்ந்தெடுத்தாள், கணினிக்குக் காட்டினாள், துடைத்தாள். பழைய கோப்பின் மேலேயே சேமித்தாள்.

நான்காவது நிமிடம் சுத்தமாக இருந்தது. பியானோ மட்டும். முன்பைவிடக் கொஞ்சம் கனமாக, வயிறு நிறைந்தாற்போல.

மீண்டும் போன். தெரியாத எண்.

"பியானோ வாசிச்சாரே, அவரோட மனைவி பேசறேங்க. அவருக்கு வியாழக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே, பாதிப் பேச்சுல குரல் நின்னு போச்சு. தொண்டையில ஒண்ணுமே இல்லைங்கிறாரு டாக்டர். வாயைத் திறக்கிறாரு, ஒரு சத்தம் வரல." அந்த அம்மாள் அழுகையை விழுங்கினாள். "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்லி எழுதிக் காட்டறாரு."

"என்னன்னு?"

"அவர் முணுமுணுத்ததை வச்சிருக்கீங்களா, இல்ல அழிச்சுட்டீங்களான்னு."

போன் மடியில் விழுந்தது. செய்ததைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினாள். மறுபடி. மறுபடி. செய்தவற்றின் பட்டியல் காலி. பழைய கோப்பு இல்லை. அதன் மேல்தான் சேமித்திருந்தாள். அவளேதான்.

"குட்டி!"

எழுந்து ஓடினாள்.

கதவு கனத்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். சோபா காலி. கலர் பென்சில்கள் தரையில் உருண்டு கிடந்தன.

மகள் சுவரோரம் நின்றிருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. முகமெல்லாம் கண்ணீர். கதறிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. காற்றுகூட இல்லை.

அவள் முழந்தாளிட்டு மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். சின்ன நெஞ்சு விம்மி விம்மி அடித்தது. "அம்மா இருக்கேன். அம்மா இருக்கேன்டா." வேறு சொல் வரவில்லை.

பதிவறையின் மூடிய கதவுக்குப் பின்னால் பியானோ ஒலிக்கத் தொடங்கியது. ஒற்றைச் சுரம். பிறகு இன்னொன்று. பிறகு, மிகத் தெளிவாக, மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அம்மா," என்றது உள்ளேயிருந்து மகளின் குரல். "இங்க வாயேன். நீயும் பாடேன்."

மகள் அவள் கண்களைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். குளிர்ந்த இரண்டு சின்னக் கைகளும் அவள் காதுகளை இறுகப் பொத்தின.

அப்படியும் கேட்டது. அவளுடைய உதடுகள் மூடியபடியே அந்த மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்திருந்தன.