பச்சை எரிந்தால் கொடுக்கலாம்

மனவிளக்கு சிவப்பாக எரிந்ததும் நாச்சிமுத்துவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

“நான் என்னங்க மச்சான் பண்ணட்டும்? விளக்கே வேண்டாங்குதே” என்று திருமூர்த்தியிடம் கையை விரித்தார். திருமூர்த்தி அவர் மனைவியின் அண்ணன். கடன் கிடைக்காத முகத்தோடு சீட்டைக் கவிழ்த்து விலகினாரே தவிர, அவருக்குக் கோபம் வரவில்லை. விளக்கோடு யார் சண்டை போடுவது?

கோவையில் அந்த மனமகிழ் மன்றத்தில் போக்கர் ஆடுகிற ஒவ்வொருவர் முன்னாலும் அப்படி ஒரு விளக்கு உண்டு. ‘தர்றேன்’ என்று யாராவது சொன்னால், அவர் குரலையும் நாடியையும் படிக்கும். தருவோம் என்று அவரே மனசார நம்பினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பச்சை எரிந்த பிறகு கடனை மறுப்பது மன்றத்தில் மரியாதையில்லை. இந்த விளக்குப் புண்ணியவான் வருவதற்கு முன்னால், ‘இல்லை’ என்ற ஒரு சொல் வாயில் வராமல், பம்புசெட் பட்டறையில் சம்பாதித்ததையெல்லாம் நாச்சிமுத்து இந்த மேசையில் கடனாகக் கொட்டியிருக்கிறார். ஆனால் தான் வாங்கியதை மட்டும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படி ஒரு அப்பாவி.

காலையில் மனைவி கோகிலவாணி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். “பிரிட்ஜ் செத்து மாசமாச்சுங்க. புது பிரிட்ஜுக்குப் பணத்தோட வந்தா வாங்க. இல்லீனா மன்றத்துலயே படுத்துக்குங்க.”

அடுத்த ஆட்டத்தில் பல் டாக்டர் யுவராஜ் பந்தயத்தை ஏற்றக் கடன் கேட்டார். விளக்கு பளிச்சென்று பச்சை. உடனே மற்ற எல்லோரும் பயந்து சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார்கள். நாலு ராணியைக் கையில் வைத்துக்கொண்டு சில்லறையை அள்ளிய டாக்டர் கொதித்தார்.

“திருப்பித் தருவோம்னு அவ்வளவு நம்பிக்கை இருந்தா, கையில நல்ல சீட்டு இருக்குன்னுதானுங்களே அர்த்தம்?” என்றார் திருமூர்த்தி.

கடன் கேட்டாலே கை அம்பலம்!

கொஞ்ச நேரத்தில் நாச்சிமுத்துவின் காசும் தீர்ந்தது. கையில் ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்து சீட்டு. பிரிட்ஜ் நினைப்பில் துணிந்து, அதற்குள் ஓர் ஆட்டம் ஜெயித்திருந்த திருமூர்த்தியிடம், “மச்சான், கொஞ்சம் குடுங்க, ஏத்திப் பாக்கறேன். எப்படியும் தந்தர்றேன்” என்றார்.

பச்சை. எல்லோரும் பதறிப் போய்ச் சீட்டைக் கவிழ்த்தார்கள்.

நாச்சிமுத்துவுக்கு மெல்லத்தான் உறைத்தது. தோற்றாலும் பட்டறையை விற்றாவது கொடுக்கிற ஆளுக்கு எந்தச் சீட்டு வந்தால் என்ன, விளக்கு பச்சைதான்! வாங்கியதை அப்போதே திருப்பினார். ஜெயித்ததை, “இது பிரிட்ஜ் பணம், தொடமாட்டேன்” என்று சாப்பாட்டுத் தூக்கில் போட்டு மூடினார். மறுபடி கடன் கேட்டார். பச்சை எரிகிறபோது இல்லை என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. தூக்கு நிறைந்தது.

“அடப் பாவிகளா!” கடைசியில் திருமூர்த்தி நாச்சிமுத்துவின் சீட்டைப் பிடுங்கிப் பார்த்து அலறினார். “மாப்ள கையில ஒண்ணுமே இல்லீங்க! மனுசன் யோக்கியனா இருக்காரு, அவ்வளவுதான்!”

டீ வேளையில் ஒரு கூட்டமே நடந்தது. நாச்சிமுத்துவை ஜெயிக்க ஒரே வழி, எல்லோரும் யோக்கியராவது. அப்போது எந்தச் சீட்டுக்கும் அவர்கள் விளக்கும் பச்சைதானே. பழைய பொய்களை நினைத்து டாக்டர் கண்கலங்கினார். திருமூர்த்தி செத்துப்போன அம்மாவின் மேல் சத்தியம் செய்தார். திரும்பி வந்தபோது நிஜமாகவே திருந்தியிருந்தார்கள்.

ஆனால் ஆட எவரிடமும் காசில்லை. வீட்டிலோ அவரவருக்கு ஒரு கோகிலவாணி.

“மாப்ள, என்ற ஊட்லயும் கேப்பாங்க. சத்தியமாத் தந்தர்றேன். எப்பன்னுதான் தெரியல” என்றார் திருமூர்த்தி, கண்ணில் நீரோடு.

பச்சை.

டாக்டர் கேட்டார். அதற்கும் பச்சை. வரிசையில் நின்ற எல்லோருக்கும் பச்சை. நாச்சிமுத்து விளக்கைத் தட்டினார், துடைத்தார், கவிழ்த்தும் பார்த்தார். அது மனசைத்தான் பார்த்தது, பையைப் பார்க்கவில்லை. ‘இல்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தார், வழக்கம்போல வரவில்லை. தூக்கு காலியானது.

வீட்டு வாசலில் கோகிலவாணி கையை நீட்டி வழிமறித்தாள். தூக்கைத் திறந்து பார்த்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த ரசம் சோறுதான் மிச்சம். நாச்சிமுத்து மன்றத்திலிருந்து கொண்டுவந்த மனவிளக்கை அவசரமாகப் பையிலிருந்து எடுத்து நடுவில் நீட்டினார்.

“அடுத்த மாசம் கண்டிப்பா பிரிட்ஜ் வாங்கித் தர்றேன், கோகிலா.”

விளக்கு அழகாகப் பச்சையாக எரிந்தது.

“எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் எரிஞ்சுதுங்களா?”

“ஆமா... இதை விடப் பளிச்சுன்னு.”

கோகிலவாணி உள்ளே போனாள். திரும்பி வந்து தலையணையை அவர் கையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.