நாலாம் நம்பர் வீட்டு மணல் தொட்டி

படுக்கை விரிப்பைப் பால்கனிக் கம்பிக்கு வெளியே நீட்டி உதறியபோது ஒன்றுமே விழவில்லை. அவள் இன்னொரு தடவை உதறினாள். இரண்டு முனைகளையும் இறுக்கிப் பிடித்துத் தோள்பட்டை வலிக்க உதறியும் மணல் இல்லை, முடி இல்லை, பிஸ்கட் தூள்கூட இல்லை. ஆறு நாள் ஐந்து பேர் கடலில் ஊறி, வெயிலில் காய்ந்து, வந்து விழுந்து புரண்ட விரிப்பு அது. கீழே சிமெண்ட் தரை வெள்ளையாகப் பளபளத்துக் கிடந்தது. அதில் ஒரு மணல் துகள்கூட விழாதது அவளுக்கு ஏனோ பிடிக்கவில்லை.

கோடை உச்சத்தில் இந்தக் கடற்கரைக்கு வருகிறவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாடகை வீடுகளின் விரிப்புகளே சொல்லிவிடும். நொறுங்கிய கிளிஞ்சல் விழுந்தால் பாறைப் பக்கம் போயிருக்கிறார்கள். கறுப்பு மணல் என்றால் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் இருக்கும் குட்டிக் கரை. ஈரமும் பாசியும் என்றால் அடிப்பக்கம் கண்ணாடி போட்ட படகு. குளிர்சாதனப் பெட்டிக் கதவில், 'இங்கே செய்யக்கூடிய பன்னிரண்டு' என்று பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பட்டியலை நிர்வாகம் ஒட்டி வைத்திருந்தது. வருகிறவர்கள் பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி ஒவ்வொன்றாக டிக் போடுவார்கள். பதினோராவது, வெயிலில் படுத்துக் கிடப்பது. அதற்கு மட்டும் எல்லோரும் இரண்டு டிக் போடுவார்கள்.

அந்தப் பதினோராவதுதான் அவள் உயிரை எடுத்தது. மூன்றாம் நாள் தோல் உரியும். உரிந்ததை எடுத்துப்போய்க் குப்பைக்கூடையில் போட அவர்களுக்கு என்ன கேடு? படுத்த இடத்திலேயே உரித்து உரித்து உதிர்ப்பார்கள். தலையணை உறைக்குள், சோபா இடுக்கில், டிவி ரிமோட்டின் மேல் என்று எங்கும் கிடக்கும். வெங்காயச் சருகு மாதிரி, ஆனால் கொஞ்சம் பிசுபிசுப்பாக, வெளிச்சத்தில் பிடித்தால் மயிர்க்கால் ஓட்டைகள் தெரிய. சீ! வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகியும் அதைத் தொட்டால் அவளுக்குக் குமட்டியது.

அதனால்தான் அந்தத் தப்பைச் செய்தாள். குளியலறைத் தரையில் சல்லடை மூடி போட்ட ஒரு தொட்டி உண்டு. குளிக்கிறவர்கள் உடம்பிலிருந்து வரும் மணல் குழாயை அடைக்காமல் அதில் தங்கும். வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து, கையால் அள்ளி, சாக்கில் போட்டுப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கதவுக்குப் பின்னால் மாட்டிய அட்டையில் கையெழுத்தும் போட வேண்டும். பதினோரு மணிக்குப் பழையவர்கள் கிளம்பி இரண்டு மணிக்குப் புதியவர்கள் வந்துவிடும் சீசனில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? அவள் கையெழுத்தை மட்டும் போட்டாள். போதாததற்கு, பெருக்கிச் சேர்த்த தோலையும் அதே மூடியைத் தூக்கி உள்ளே தள்ளி இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினாள். மற்ற ஐந்து வீட்டுத் தொட்டிகள் அண்ணியின் பொறுப்பு. அண்ணி ஒழுங்காக அள்ளினாள். இந்த வீட்டில் எட்டு வாரம் அள்ளவே இல்லை.

மூன்றாவது வாரம் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்தாள். மேலே பாலாடை மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. மூடியை வைக்கும்போது அது சுருங்கி விரிந்தது. தண்ணீர் அசைகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"ஏய், என்னடி விரிப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கொடி ஏத்தற மாதிரி நிக்கறே?"

அண்ணி மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தாள். காலையிலிருந்து முப்பது விரிப்புகளை வெயிலில் காயப் போட்டிருந்தாள். முகம் செக்கச்செவேலென்றிருந்தது. அண்ணன் செத்துப் போனபோது, 'எனக்கென்ன' என்று அம்மா வீட்டுக்குப் போகாமல், பன்னிரண்டு வயது நாத்தியைக் கையோடு கூட்டிக்கொண்டு ஊர் ஊராக வேலை தேடியவள் இந்த அண்ணி. உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே ஆள். அண்ணிக்கு ஏதாவது ஒன்று என்றால் அவளுக்கு யாருமில்லை.

"மணலே விழல அண்ணி."

"விழலைன்னா கும்பிடு போட்டுட்டு அடுத்த வேலையைப் பாரு. சுத்தமா இருக்கறதுக்கு அழற முதல் ஆள் நீதான்." அண்ணி முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு முனகினாள். "முதுகெல்லாம் வெந்து போச்சுடி. உரியுது. அரிக்குது. கொஞ்சம் எடுத்து விடேன்."

"ஐயோ, சீ! என்னால முடியாது. எனக்கு வாந்தி வந்துடும்."

"மகாராணிக்கு வாந்தி வருமாம். நான் உனக்குப் பேன் பாக்கலையா, சீழ் எடுக்கலையா?" அண்ணி சிரித்தாள். "சரி, உள் ரூம்ல பதினஞ்சு நிமிஷம் படுத்துக்கறேன். ஃபேனைப் போட்டுக்கறேன். 'அலாரம்' கேட்டா நான் ஆறாம் நம்பர்ல இருக்கேன்னு சொல்லு."

'அலாரம்' என்பது மேனேஜர். கால் மணிக்கு ஒரு தடவை போன் அடிப்பதால் அண்ணி வைத்த பெயர். உள் அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

அவள் விரிப்பை மடித்தாள். மடிக்கும்போதுதான் அது ஈரமாக இருப்பது தெரிந்தது. வியர்வை ஈரம் இல்லை. கன்றுக்குட்டி நக்கிவிட்டுப் போன துணி மாதிரி, விரலில் நூலாக ஒட்டி இழுபடும் ஈரம். மூக்கின் பக்கம் கொண்டுபோனாள். வெயிலுக்குப் பூசும் க்ரீமின் இனிப்பு வாசனை, அதற்கடியில் நாள்பட்ட கட்டுத்துணியை அவிழ்க்கும்போது வரும் வாடை. விரிப்பைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் மாற்றி மாற்றித் துடைத்தாள். துடைத்த கையும் நாறியது.

தலையணையும் அப்படித்தான். சோபா இடுக்கில் விரலை விட்டால் வெறும் வழவழப்பு. கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டால் ஒரு முடிகூட வரவில்லை. போனவர்கள் மறந்து விட்டுப்போன தலைவாரும் சீப்பு மேஜையில் இருந்தது. அதன் பற்களுக்கு நடுவில் அழுக்கே இல்லை, கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்தது போல. யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாகச் சப்பியிருக்க வேண்டும் என்று தோன்றியதும் அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது. விழுங்க முடியவில்லை.

விருந்தினர் கருத்து நோட்டு சீப்பின் பக்கத்தில் திறந்தபடி இருந்தது. அவள் அதைப் படிக்கிற வழக்கம் இல்லை. புகார் இருந்தால் 'அலாரம்' போனிலேயே திட்டித் தீர்த்துவிடுவான். இன்று படித்தாள்.

ஐந்து வாரத்துக்கு முன்: 'அருமையான இடம். பன்னிரண்டும் முடித்துவிட்டோம்! குளியலறையில் தண்ணீர் மெதுவாகப் போகிறது.' நாலு வாரத்துக்கு முன்: 'குளியலறையில் வாடை. ஊதுபத்தி ஏற்றியும் போகவில்லை.' போன வாரம்: 'வேலை செய்பவர்கள் ராத்திரியிலும் தரை துடைப்பதைத் தவிர்க்கலாம். சத்தத்தில் தூக்கம் வரவில்லை.'

யாரும் ராத்திரியில் துடைப்பதில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு குழந்தையின் கையெழுத்து, பென்சிலில், கோணல்மாணலாக. 'நான் மணல் வீடு கட்டினேன். படகில் போனேன். எனக்கு முதுகு எரிந்தது. ராத்திரி ஒரு ஆன்ட்டி வந்து தடவிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு விரல் நிறைய.'

அதற்குக் கீழே பெரியவர்கள் யாரும் எதுவும் எழுதவில்லை. விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார்கள் என்று காவலாளி சொன்னது இப்போது நினைவு வந்தது. பதினோரு மணிவரை நேரம் இருந்தும். குழந்தையின் செருப்பைக்கூட எடுத்துக்கொள்ளாமல்.

போன் அடித்தது. நோட்டை மூடிவிட்டு எடுத்தாள்.

"நாலு முடிஞ்சுதா?" என்றான் 'அலாரம்'. "புதுசா வர்றவங்க இப்பவே வந்துட்டாங்க, பீச்சுல நிக்கறாங்க. மணல் தொட்டி அள்ளியாச்சில்ல? போன தடவை புகார் வந்திருக்கு. இன்னொரு தடவை வந்துச்சுன்னா நீயும் வேணாம், உன் அண்ணியும் வேணாம். பெட்டியைக் கட்டிக்கங்க."

"அள்ளியாச்சு சார்."

வாய் பழகிப்போய்ச் சொல்லிவிட்டது. கையுறையை மாட்டிக்கொண்டாள். ஒன்று போதாதென்று மேலே இன்னொன்று. சாக்கையும் தகர முறத்தையும் எடுத்துக்கொண்டாள். எட்டு வாரக் கசடு. ஐம்பது பேர் உடம்பு கழுவிய கசடு. அதற்குள் கையை விட வேண்டும். குமட்டலாவது ஒன்றாவது, இந்தச் சனியனை அள்ளிக் கொட்டிவிட்டு அண்ணியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அண்ணி திட்டுவாள். திட்டிவிட்டுச் சோறு போடுவாள்.

குளியலறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே வெப்பம் கட்டிக் கிடந்தது. வாடை கண்ணைக் கரித்தது. வெயிலில் நாலு நாள் கிடந்த மீன் செதில் வாடை, அதோடு அந்த இனிப்பு க்ரீம். ஜன்னல் வழியாக வந்த நடுப்பகல் வெளிச்சத்தில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

சல்லடை மூடி திறந்திருந்தது.

பக்கத்தில் ஓரமாக, ஒழுங்காக எடுத்து வைத்திருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தொட்டி காலி. எட்டு வார மணல், முடி, சோப்புக் குழம்பு, அவள் தன் கையால் தள்ளிய அத்தனை அத்தனை தோல், எதுவுமே இல்லை. அடியில் இருந்த வெள்ளை டைல்வரை வழித்துச் சாப்பிட்ட தட்டு மாதிரி இருந்தது. தொட்டியின் உள்சுவரில் மட்டும் ஏறிய தடம். ஈரம். கையால் பற்றிப் பற்றி ஏறிய தடம்.

தடம் தரையில் தொடர்ந்தது. அகலமான ஈரக் கோடு. அதன் மேல் அங்கங்கே பாதங்கள். ஒரு பாதத்தில் ஆண்பிள்ளையின் குதிகால், முன்னால் குழந்தை விரல்கள். எண்ணினாள். எட்டு. ஒன்பது. நிறுத்திக்கொண்டாள்.

கோடு குளியலறையை விட்டு வெளியே போனது. அவள் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்திருக்கிறாள். பார்க்கவில்லை. கூடத்தைக் கடந்து, பெரிய படுக்கையறையை விட்டு விலகி, இடப்பக்கம் திரும்பியது.

உள் அறைக்கு.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அண்ணி சாத்தியது அவள் காதில் விழுந்திருந்தது. இப்போது திறந்திருந்தது. உள்ளே மின்விசிறிச் சத்தம். அதற்கடியில் இன்னொன்று. மெல்ல, விட்டு விட்டு. பிளாஸ்டிக் உறையைப் பிரிப்பது போல.

பிறகு அண்ணியின் குரல். தூக்கக் கலக்கத்தில், சுகமாக.

"அப்படித்தான்டி... இன்னும் கொஞ்சம் மேல. எவ்வளவு இதமா எடுக்கறே. இந்தக் கையை வெச்சுக்கிட்டா வாந்தி வரும்னே?"

அவள் கதவைத் தொட்டாள். அது தானாகவே திறந்துகொண்டது.

அண்ணி குப்புறப் படுத்திருந்தாள். ரவிக்கையைத் தளர்த்தி முதுகைக் காற்றுக்குக் காட்டியபடி, கண்ணை மூடி, கன்னத்தைத் தலையணையில் பதித்துக்கொண்டு. கட்டில் ஓரத்தில் அது உட்கார்ந்திருந்தது. உள்ளே எலும்பு இல்லை, ஆனாலும் உட்கார்ந்திருந்தது. வெள்ளை, மாநிறம், கறுப்பு, வெந்த சிவப்பு என்று ஒட்டி ஒட்டித் தைத்த மாதிரி தோல். ஓரிடத்தில் நீச்சலுடைப் பட்டையின் வெளிறிய கோடு. இன்னோரிடத்தில் யாருடையதோ மச்சம். மடிப்புகளிலிருந்து மணல் சொட்டியது. கை இரண்டும் நீளம். விரல்கள் நிறைய. நுனியில் வெட்டிப்போட்ட நகத் துண்டுகள் செதில் செதிலாகப் பதிந்திருந்தன. அந்த நகங்களால்தான் அண்ணியின் முதுகில் கிள்ளி, தூக்கி, உரித்துக்கொண்டிருந்தது. உரித்ததைத் தன் தோளில் வைத்து நீவியது. ஒட்டிக்கொண்டது.

வெந்த தோல் எப்போதோ தீர்ந்திருந்தது. அதற்கடியில் இருந்ததும் பாதி முதுகுவரை போய்விட்டது. ஈரச் சிவப்பு. விரிப்பில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. அது அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது.

கத்த வேண்டும். கத்தினாள். வந்தது காற்றுதான்.

"அண்ணி..."

அது நிமிரவில்லை. விரல்கள் மட்டும் நின்றன.

"என்னடி," அண்ணி கண்ணைத் திறக்காமலே சொன்னாள், "பக்கத்துல உக்காந்துக்கிட்டு வாசல்லேருந்து கூப்பிடற மாதிரி கூப்பிடறே?"

"அண்ணி, எந்திரிங்க. அண்ணி, நான் இங்க..."

"இருடி. அரிப்பெல்லாம் போய் மரத்துப் போச்சு, இப்பத்தான் தூக்கமே வருது." அண்ணி முனகியபடி மெதுவாகப் புரண்டு மல்லாந்தாள். கண் மூடியே இருந்தது. உதட்டில் சிரிப்பு. தாடையைச் சற்றே உயர்த்தி, நாவிதரிடம் நீட்டுகிறவர்கள் மாதிரி முகத்தை நீட்டினாள். "நெத்தியிலேயும் உரியுது பாரு. அதையும் எடுத்துடு, என் செல்லமில்ல."

அவள் பாய்ந்தாள். ஈரக் கோட்டில் கால் வழுக்கியது. முழங்கால் தரையில் மோதியது. நிமிர்ந்தபோது நகங்கள் அண்ணியின் நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில், ஒரு ஓரத்தைத் தேடி எடுத்திருந்தன. கிழியாமல். பொறுமையாக. புருவம் வந்தது. இமை வந்தது. கன்னம். மூக்கு. மின்விசிறிக் காற்றில் அது லேசாகப் படபடத்தது.

அண்ணியின் சிரிப்பும் கலையாமல் அதோடு வந்தது. அது அந்தச் சிரிப்பை இரண்டு கையாலும் ஏந்தி, தன் வெறும் முகத்தில் வைத்து, ஓரமெல்லாம் நீவி ஒட்டிக்கொண்டு, முதன்முறையாக அவள் பக்கம் திரும்பியது.