நீலப் பென்சில்

கர்னல் ஃபான் டெட்டனின் மேசைத் தட்டில் ஒரு காகிதம் மட்டும் நனைந்திருந்தது. மழை பெய்து இரண்டு வாரம் ஆகிறது. ஆகஸ்ட் வெயிலில் சன்னல் சட்டம் சூடேறி, பழைய வார்னிஷ் வாடையும் சமையற்கட்டின் முட்டைக்கோஸ் வாடையும் அறையை விட்டுப் போகாமல் நின்ற அந்தப் பிற்பகலில், படிக்கும் முன்பே மூலையில் நீலப் பென்சிலால் தேதியிட்டுச் சுருக்கொப்பமும் வைத்துவிட்டார். முப்பது வருடப் பழக்கம் லேசில் விடுமா? பிறகுதான் படித்தார்.

வானொலி நிலையத்தைக் கைப்பற்றச் சொல்லும் உத்தரவு அது. கையெழுத்திட்ட தளபதியைத் தூக்கில் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

சர்வாதிகாரிக்கு வைத்த குண்டு வெடித்த அன்று, மேஜர் கிரீப் இதே அறையில் நின்று படையை நகர்த்தச் சொல்லிக் கெஞ்சினார். கர்னலும் சதியில் சேர்ந்தவர்தான். விருந்துகளில் கொடுங்கோலனை அவரளவுக்குத் திட்டியவர் கிடையாது. பிராந்தி உள்ளே போனால் வீரம் வெளியே வரும். அன்று பிராந்தி இல்லை.

“வாய்வார்த்தை செல்லாது, கிரீப். கையெழுத்தோட கொண்டு வா.”

“கொண்டு வரேன் சார். நீங்க இங்கேயே இருங்க.”

குண்டிலிருந்து சர்வாதிகாரி தப்பிவிட, போனவரை முற்றத்துச் சுவரோரம் கொட்டும் மழையில் சுட்டார்கள். கர்னல் சன்னலை மூடிவிட்டு, சர்வாதிகாரிக்கு விசுவாசத் தந்தி எழுதினார். அதற்கும் மூன்று பிரதி எடுத்து வைத்தார்.

இன்று நான்கு மணிக்கு ரகசியப் போலீஸ் சோதனைக்கு வருகிறது. அந்தச் சுருக்கொப்பம் சிக்கினால் கழுத்துக்குக் கயிறுதான். கர்னல் காகிதத்தைச் சாம்பல் கிண்ணத்தில் கொளுத்தினார். ஈரத்தாள் சீறிச் சீறி எரிந்தது. முடி கருகும் நாற்றம். நிமிர்ந்தார்.

தட்டில் அதே காகிதம். மூலையில் அவருடைய ஒப்பம்.

தொடக்கூடாது என்று நினைத்தார். கை பென்சிலை எடுத்துவிட்டது. பழைய ஒப்பத்துக்குக் கீழே மறுபடியும் தேதி. ஒப்பம்.

எரித்தார். வந்தது. ஒப்பமிட்டார்.

கீழே கார் நின்றது. படியில் பூட்ஸ் சத்தம். இரண்டு ஜோடி. இல்லை, மூன்று. ஒன்றில் தண்ணீர் சளக் சளக்கென்றது.

நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்த காரியதரிசி கதவைத் திறந்தாள்.

“போலீஸ்காரங்க வந்திருக்காங்க சார். கூட யாரோ மேஜர் கிரீப்பாம். நீங்க கேட்டதைக் கொண்டு வந்திருக்காராம்.”

இரண்டு போலீஸாருக்கு நடுவில், நெஞ்சில் ஐந்து ஓட்டைகளோடு, சொட்டச் சொட்ட நனைந்து, சல்யூட் அடித்தபடி அவர் நின்றார். இடது கையில் ஒரு கட்டு ஈரக் காகிதம்.

கர்னல் கத்த வாயைத் திறந்தார். அவருடைய கை பென்சிலைச் சீவத் தொடங்கியது.