இரண்டு தட்டு

வெள்ளிக்கிழமை மாலை நாலே காலுக்குப் படகின் அடியில் யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.

சோலையப்பன் அப்போதுதான் இன்ஜினை அணைத்திருந்தான். சத்தம் காதுக்கு வருமுன் பாதத்துக்கு வந்தது, ஃபைபர் தரை வழியாக. டொக். ஒரு மூச்சு விடும் இடைவெளி. டொக்.

மற்ற மூன்று பேருக்கும் கேட்கவில்லை. ரகுநாதன் புது ஹேண்டிகேமில் மலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சுசீலா சிப்ஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள். மகள் தாரிணிக்கு ஆறு வயது. லைஃப் ஜாக்கெட் அவளைக் கழுத்துவரை விழுங்கியிருந்தது.

"இங்கயாவது மீன் இருக்கா, இல்ல இதுவும் ஸ்விம்மிங் பூல்தானா?" என்றார் ரகுநாதன்.

"இருக்குங்க சார்."

"ரெண்டு மணி நேரமா இதையேதாம்பா சொல்றே."

"நீங்க கட்டுற பில்டிங்ல லிஃப்ட் வர்றதுக்குள்ள இங்க மீன் வந்துடும், விடுங்க" என்றாள் சுசீலா.

சோலையப்பன் சிரிக்கவில்லை. பாதத்தைத் தரையிலிருந்து தூக்கி, பலகைமேல் வைத்துக்கொண்டான்.

அமீரகத்து மலைகளுக்கு நடுவே அணை கட்டித் தேக்கிய ஏரி அது. இந்தக் கிழக்கு மடுவில் மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, அதனால் நவம்பர் மாதத்து வெயில் நாலரைக்கே பாறைக்குப் பின்னால் போய்விடும், காற்றும் உள்ளே வராது, தண்ணீரின் பாசி வாடையும் படகின் டீசல் வாடையும் வாளியில் வெயிலில் வெந்த கோழிக் கழிவின் வாடையும் ஒன்றாகிப் படகைச் சுற்றியே நிற்கும். அவன் இந்த மடுவுக்குக் கடைசியாக வந்து ஏழு மாதம் ஆகிறது. இன்றும் வந்திருக்க மாட்டான். மேற்குப் பக்கம் ஒரு கெண்டைகூடக் கடிக்கவில்லை. 'குழந்தைக்கு ஒரு மீன் உறுதி' என்று கம்பெனி போர்டிலேயே எழுதியிருந்தது. துபாயிலிருந்து குடும்பத்தோடு கார் ஓட்டி வந்த ரகுநாதன், மேனேஜர் கௌரிசங்கருக்கு போன் போட்டார். மேனேஜர் போனை சோலையப்பனிடம் கொடுக்கச் சொன்னார்.

"மடுவுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு என்னய்யா கேடு உனக்கு? ஞாயித்துக்கிழமை லீவுல ஊருக்குப் போகணுமா, வேணாமா?"

போக வேண்டும். மூன்று வருடம் கழித்துக் கிடைத்த லீவு. மகள் சந்தியாவுக்கு இரண்டரை வயதாகிறது. அவளைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறான். பாஸ்போர்ட்டைக் கம்பெனி நேற்றுத்தான் கையில் கொடுத்திருந்தது. இந்த ஒரு ட்ரிப்பை முடித்தால் போதும்.

மடுவில் மீன் பிடிக்க ஒரு வழி இருந்தது. அதைப் பழக்கியவன் அன்பரசன், கூட வேலை பார்த்தவன், அறையில் மேல்கட்டில்காரன். தினமும் காலையில் ஒரு வாளி கோழிக் கழிவு கொண்டுவருவான். கட்டையால் படகின் பக்கத்தில் மூன்று தட்டு. பிறகு வாளியைக் கவிழ்ப்பான். ஒரே மாதத்தில் கெளுத்திகள் அதைக் கற்றுக்கொண்டன. வருகிற குடும்பங்கள் அதை வித்தை என்று நினைத்துக் கைதட்டின.

சோலையப்பன் கட்டையை தாரிணியிடம் கொடுத்தான்.

"மூணு தட்டு தட்டு கண்ணு."

"எதுக்கு அங்கிள்?"

"மீன் சாப்பிட வரும்."

"காலிங் பெல்லா?"

"ஆமா கண்ணு."

அவள் தட்டினாள். அவன் பாதி வாளியைக் கவிழ்த்தான். ஒரு நிமிடம் எதுவுமில்லை. பிறகு தண்ணீர் கீழிருந்து கறுத்தது. முழங்கை நீள முதுகுகள், தொடை தடிமன் முதுகுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வாயைத் திறந்து மூடி, ஈரத்துணியைக் கல்லில் அறைவதுபோல் சத்தம் போட்டன. ஏழு மாதத்துக்கு முன் இவ்வளவு பெரிதாக இல்லை. ஏழு மாதமாக யாரும் இங்கே இரை போடவுமில்லை.

"அம்மாடி" என்று சுசீலா பின்னால் நகர்ந்தாள்.

தாரிணியின் தூண்டில் வளைந்தது. ரகுநாதனும் சோலையப்பனும் சேர்ந்து இழுத்துப் படகுக்குள் போட்டார்கள். அது தரையில் துள்ளி, சிப்ஸ் பாக்கெட்டைச் சிதறடித்து, குழந்தையின் காலைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு ஊர்ந்தது. சோலையப்பன் இரை வெட்டும் கத்தியை எடுத்துத் தலையில் இறக்கினான். ஒரு அடியில் போகவில்லை. நான்கு அடி. ரத்தம் அவன் மணிக்கட்டுவரை ஏறியது.

"அங்கிள், அதுக்கு வலிக்குமா?"

நான்கு அடி. அன்றைக்கும் நான்கு அடிதான்.

ஏழு மாதத்துக்கு முன், வருடக் கடைசியில் ஒரு ஆளுக்குத்தான் லீவு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அது அன்பரசனுக்குக் கிடைத்தது. இன்ஜினைச் சாய்த்துத் தூக்கும் பிடி துருப்பிடித்து இறுகிக் கிடந்ததால், விசிறியில் பாசி சுற்றினால் யாராவது தண்ணீருக்குள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். அன்பரசன் நீல நைலான் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். இழுக்க வேண்டுமென்றால் கீழிருந்து இரண்டு தட்டுத் தட்டுவான். அதுதான் அவர்கள் பழக்கம். இறங்கும்போதுகூட வாய் சும்மா இருக்கவில்லை.

"உன் புள்ளைக்குக் கொலுசு நானே வாங்கிட்டுப் போறேன் மாப்ள. சத்தம் எப்படியிருக்குன்னு போன்ல சொல்றேன், கேட்டுக்க."

அவன் தலை மறைந்ததும் சோலையப்பன் கட்டையை எடுத்து மூன்று தட்டினான். வாளியைக் கவிழ்த்தான். பயமுறுத்தத்தான் என்று ஏழு மாதமாகத் தனக்கே சொல்லிவருகிறான். கீழிருந்து இரண்டு தட்டு வந்தது. அவன் இழுக்கவில்லை. மறுபடி இரண்டு. தண்ணீர் செம்மண் நிறத்துக்கு வந்தது. மறுபடி இரண்டு. பிறகு ஒரு கை மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்தது. மணிக்கட்டில் ஒரு கெளுத்தி தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதாவது பிடித்துத் தூக்கியிருக்கலாம். தூக்கினால் அன்பரசன் பேசுவான். பேசினால் ஜெயில். சோலையப்பன் கத்தியை எடுத்தான். விரல்கள் படகுக்குள் விழுந்தன. கை வெளியே விழுந்தது. பிறகு கயிற்றை அறுத்துவிட்டான்.

கேம்ப்பில், அன்பரசன் ஓடிப்போய்விட்டான் என்று சொன்னான். மேனேஜர் அன்றைக்கே ஓடிப்போனவன் என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்தார். இந்த நாட்டில் ஓடிப்போனவனை சோனாப்பூர் லேபர் கேம்ப் அறைகளில் தேடுவார்கள், அல் குசைஸ் கடைகளில் தேடுவார்கள். தண்ணீரில் யாரும் தேடுவதில்லை. லீவு சோலையப்பனுக்கு வந்தது.

டொக்.

டொக்.

"அங்கிள், கீழ யாரோ நாக் பண்றாங்க."

"கல்லு கண்ணு. படகு கல்லுல இடிக்குது."

"கல்லு டூ டைம்ஸ் தட்டுமா?"

"கதவத் திறந்து யாருன்னு கேளு" என்று ரகுநாதன் சிரித்தார்.

"போலாங்க சார். இருட்டிரும்." சோலையப்பன் பதிலுக்குக் காத்திராமல் இன்ஜின் கயிற்றை இழுத்தான். பிடித்தது. இரண்டு சுற்றுச் சுற்றியது. எதையோ கவ்வியதுபோல் உறுமி, நின்றது. மறுபடி இழுத்தான். மறுபடி நின்றது.

படகில் துடுப்பு ஒன்றுதான். அணை ஐந்து கிலோமீட்டர். மடுவுக்குள் போனுக்கு சிக்னல் கிடையாது. பாறையின் நிழல் படகைத் தாண்டி அடுத்த பாறைமேல் ஏறிவிட்டது. சுசீலா மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"விசிறியில என்னமோ சிக்கியிருக்குங்க. ஆள் எறங்கணும்."

"நான் வேணா எறங்கட்டுமா? காலேஜ்ல நான் ஸ்விம்மிங் டீம்" என்று ரகுநாதன் சட்டைப் பொத்தானில் கை வைத்தார்.

சோலையப்பன் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் பொத்தான் அவிழ்ந்தது. இரண்டாவது அவிழ்ந்தது. தாரிணி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க சார்" என்றான். "நானே போறேன்."

கயிற்றை இடுப்பில் கட்டினான். மறுமுனையை ரகுநாதன் கையில் கொடுத்தான். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். நாலு தட்டு, ஐந்து தட்டு. வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது.

"ரெண்டு தட்டு தட்டினா இழுங்க சார். உடனே இழுக்கணும்."

கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினான்.

குளிர். மேலே பச்சை, ஒரு கை ஆழத்தில் பழுப்பு, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இன்ஜினைத் தடவிக்கொண்டே விசிறிக்குப் போனான். பாசி இல்லை. வழவழவென்று இறுக்கமாக எதுவோ சுற்றியிருந்தது. கண்ணருகே கொண்டுவந்தான்.

நீல நைலான் கயிறு. அறுத்த முனை. கத்தி இரண்டு இழையை விட்டுவிட்டு மூன்றாவது வெட்டில் அறுத்த, அவன் அறுத்த முனை.

மறுமுனை கீழே இருட்டுக்குள் போனது. தொங்கவில்லை. விறைப்பாக நின்றது.

அவன் வெட்டினான். வெட்டிக்கொண்டே இருந்தான். மூச்சுக்கு மேலே வந்தான், போனான். இடுப்புக் கயிறும் விசிறியில் மாட்டியது. இழுத்தான், வரவில்லை. ஒரு நிமிடம்தான் என்று முடிச்சை அவிழ்த்தான். கயிறு அவன் விரல்களிலிருந்து நழுவிக் கீழே போயிற்று.

நீலக் கயிறு அறுந்தது. விசிறி அவன் கைக்குச் சுழன்றது, மாட்டிய இடுப்புக் கயிறும் விடுபட்டது.

அப்போது மேலே மூன்று தட்டுக் கேட்டது.

சின்னத் தட்டு. குழந்தைத் தட்டு. தொடர்ந்து மிச்ச வாளி விழுந்து பரவும் சத்தம்.

அவை வந்தன. முதலில் தொடையில் ஒன்று. பிறகு விலாவில். அரம்போன்ற வாய்கள் பிடித்துத் திருகின. அவன் கத்தியை வீசினான். கத்தி போயிற்று. காதில் ஒன்று. கழுத்தில் ஒன்று. தட்டவேண்டும். இரண்டு தட்டு. கையைப் படகை நோக்கி நீட்டினான்.

டொக்.

அவன் கை இன்னும் எட்டவில்லை.

டொக்.

கயிறு விறைத்தது. அவன் விட்ட கயிறு. அவன் முகத்துக்கு நேராக மேலே போயிற்று, கையகலம் கையகலமாக. அதன் முனையில் கனமாக ஒன்று இருந்தது. மெத்தென்று, குளிராக, அவன் கன்னத்தை உரசிக்கொண்டு அவனைத் தாண்டி ஏறியது.

இன்ஜினைப் பிடித்துத் தலையை வெளியே நீட்டினான். கயிற்றை விடுங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். தண்ணீர் வந்தது. ரத்தம் வந்தது. தொண்டையில் தொங்கிய கெளுத்தி விடவில்லை. சத்தம் வரவில்லை.

இன்ஜினுக்கு மேலாகப் படகின் உள்பக்கம் தெரிந்தது. மூவரும் அந்தப் பக்க விளிம்பில் இருந்தார்கள், அவனுக்கு முதுகு காட்டி.

"என்ன கனம் கனக்கிறான்யா" என்று மூச்சு வாங்கினார் ரகுநாதன். "இதோ, வந்துட்டான். பிடி, பிடி."

விளிம்பின்மேல் ஒரு கை வந்து விழுந்தது.

சுசீலா விளிம்பை விட்டுப் பின்னால் நகர்ந்தாள். தாரிணி மட்டும் முன்னால் குனிந்தாள். இரண்டு கைகளையும் நீட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், உங்க ஃபிங்கர்ஸ் எல்லாம் எங்க?"